சுத்தமா, ஒழுங்கா, நேர்த்தியா, பதமா? 'டைடி'க்கு எந்தத் தமிழ்ச் சொல்

மொழிபெயர்க்கப் பழகும் ஒரு பெண் சென்ற மாதம் தன் கைப்பிரதியைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். பழைய ஸ்காட்லாந்துக் கிராமத்தைப் பற்றிய கதை. ஒரு விவசாயி சந்தையில் மாடு வாங்குகிறான். "நல்ல சுத்தமான பசு" என்று எழுதி, பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். ஆங்கில மூலத்தில் 'டைடி கௌ' (tidy cow) என்று இருக்கிறது. அகராதியில் 'டைடி' என்றால் சுத்தமான, ஒழுங்கான என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் சந்தையில் மாடு பிடிப்பவன் சுத்தமா பார்ப்பான்? அவளுக்கே உறுத்தியிருக்கிறது. அந்தக் கேள்விக்குறிக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

இதே சொல்லில் மாட்டிக்கொண்டு கேட்பவர்கள் வேறு சிலரும் உண்டு. அறைக்கு 'டைடி', பணத்துக்கு 'டைடி', பன்றிக்கு 'டைடி', கணினித் தரவுக்கும் 'டைடி'. எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது

தமிழ்ச் சொற்களை அடுக்குவதற்கு முன் 'டைடி' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் போவதால்தான் எல்லாக் குழப்பமும்.

'டைடி'யில் இருப்பது 'டைட்' (tide). இன்று 'டைட்' என்றால் கடலின் ஏற்றவற்றம்தான் நினைவுக்கு வரும். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காலம், வேளை, பருவம் என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் காலத்துக்கு 'ட்சைட்' என்பார்கள், இரண்டும் ஒரே வேர். 'டைம் அண்ட் டைட்' யாருக்காகவும் காத்திருக்காது என்ற பழமொழியிலும் 'டைட்' முதலில் அலையைக் குறிக்கவில்லை, வேளையைத்தான் குறித்தது. கிறிஸ்துமஸ் காலத்தை 'யூல்டைட்' என்றும் மாலை வேளையை 'ஈவன்டைட்' என்றும் சொன்னது இந்தப் பொருளில்தான். அப்படியானால் 'டைடி' என்பது காலத்தோடு கூடியது, பருவத்துக்கு வந்தது. அதன் உறவான டச்சு 'தைதிக்', ஜெர்மன் 'ட்சைட்டிக்' இரண்டும் காலத்தோடு ஒட்டியே நின்றுவிட்டன. ஆங்கிலச் சொல் மட்டும் வெகுதூரம் நடந்துவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் அது நல்ல நிலையில் உள்ள, செழிப்பான என்ற பொருளில் வருகிறது. பருவத்தில் விளைந்தது செழிப்பாக இருக்கும், செழிப்பானது பார்க்க நன்றாக இருக்கும். அங்கிருந்து நல்ல ஆள், பிறகு தன்னையும் தன் இடத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஆள், பிறகு ஒழுங்கான அறை. நாம் பள்ளியில் படித்த பொருள் இந்த வரிசையில் கடைசியில் வந்தது. ஒழுங்கும் நேர்த்தியும் உள்ள ஆள் என்ற பொருள் ஊன்றியதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

எதிர்ச்சொல்லையும் பாருங்கள். 'அன்டைடி' முதலில் கலைந்துகிடப்பதைச் சொல்லவில்லை. காலம் தவறியதை, பொருத்தமில்லாததைச் சொன்னது. நம் 'அகாலம்' போல.

சரி, இனி அளவுகோல்கள். நான் வைத்திருப்பவை நான்கு.

எழுத்து எந்தக் காலத்தது? 1700க்கு முந்தையது என்றால் 'சுத்தம்' கிட்டத்தட்ட எப்போதுமே தவறு.

பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் எது? மாடு, கதிர், மனிதன், அறை, தொகை எல்லாம் வேறு வேறு விடை கேட்கும்.

யார் பேசுகிறார்? வேல்ஸ்காரர் வாயில் வரும் 'டைடி'யும் லண்டன் பள்ளி ஆசிரியை வாயில் வருவதும் ஒன்றல்ல.

நாம் போடும் தமிழ்ச் சொல் தன் பின்னால் எதை இழுத்துக்கொண்டு வருகிறது? இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கிலச் சொல்லை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும், தமிழ்ச் சொல்லின் சுமை தெரியாவிட்டால் வாக்கியம் கெட்டுவிடும்.

## சுத்தம், தூய்மை

எல்லோருடைய கையும் முதலில் போகும் சொல் இது. என்னைக் கேட்டால் மிகக் குறைவான இடங்களிலேயே பொருந்துவதும் இதுதான்.

அழுக்கும் தூசும் இல்லாததைச் சுத்தம் என்கிறோம். 'டைடி' அழுக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன, போர்வை மடித்திருக்கிறது, ஆனால் அலமாரி மேல் விரலால் கோடு கிழிக்கலாம். அந்த அறை 'டைடி'தான், சுத்தம் இல்லை. நேர்மாறாக, இப்போதுதான் கழுவித் துடைத்த தரையில் துணி குவிந்து கிடந்தால் அது சுத்தம், 'டைடி' இல்லை. மூல ஆசிரியர் இந்த வித்தியாசத்தை நம்பி ஒரு பாத்திரத்தைக் கட்டியிருந்தால், 'சுத்தம்' என்று எழுதும்போது அந்தப் பாத்திரத்தையே மாற்றிவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் சுத்தம் ஆசாரத்தோடு சேர்ந்து வரும். 'சுத்த பத்தம்' என்று சொன்னாலே யார் தொட்டது, யார் குளித்தது என்பதெல்லாம் கூடவே வந்துவிடும். ஆங்கிலக் கிராமத்து வீட்டுக்குள் அந்த வாடை வரக் கூடாது.

ஆனாலும் ஓரிடத்தில் 'தூய்மை'தான் சரி. பிரிட்டனில் 1954இல் பெண்கள் நிறுவனம் என்ற அமைப்பு நிறைவேற்றிய தீர்மானத்திலிருந்து 'கீப் பிரிட்டன் டைடி' இயக்கம் பிறந்தது. தெருவில் குப்பை போடாதே என்பதுதான் அதன் நோக்கம். 'பிரிட்டனை ஒழுங்காக வைத்திருங்கள்' என்று எழுதினால் காவல்துறை அறிவிப்பு போலாகிவிடும். குப்பை, தெரு, பூங்கா என்று வந்தால் தயங்காமல் தூய்மை என்று போடுங்கள்.

## ஒழுங்கு

ஒழுங்குக்கு வரிசை என்றும் பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் குறுகிய சந்துக்கு 'ஒழுங்கை' என்று பெயர், இருபுறமும் வேலி வரிசையாக ஓடும் பாதை. அதது அதனதன் இடத்தில் என்பதைச் சொல்ல தமிழில் இதைவிட நல்ல சொல் இல்லை. மேசை, அலமாரி, கோப்பு, கணக்கு என்று இன்றைய உரைநடையில் எது வந்தாலும் முதலில் இதைப் பொருத்திப் பாருங்கள்.

கணினித் தரவுக்கும் இதுவே என் தேர்வு. புள்ளியியலாளர் ஹேட்லி விக்கம் 2014இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'டைடி டேட்டா' என்பது துறைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு நோக்கீட்டுக்கும் ஒரு கிடைவரிசை என்பது அதன் விதி. சிலர் இதைத் 'தூய தரவு' என்று தமிழாக்குகிறார்கள். அது தவறான பாதை. பிழையும் விடுபாடும் நீக்கிய தரவைச் சொல்ல ஆங்கிலத்தில் 'க்ளீன்' என்ற தனிச்சொல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிட்டால் படிக்கிற மாணவன் எங்கே போவான்? 'ஒழுங்குத் தரவு' போதும், வரிசை என்ற பழைய பொருளும் சேர்ந்தே உட்கார்ந்துகொள்கிறது.

வேல்ஸ் விஷயத்தில் இந்தச் சொல் எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. தெற்கு வேல்ஸ் ஆங்கிலத்தில் 'டைடி' என்றால் நல்ல, சரியான, மரியாதையான என்று பொருள். பிள்ளை கொச்சையாகப் பேசினால் அம்மா "டாக் டைடி" என்பாள். நம் வீட்டில் அம்மா என்ன சொல்வாள்? "ஒழுங்காப் பேசு!" சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, அதட்டலும் அப்படியே வருகிறது. அதே வேல்ஸ்காரர் நல்ல செய்தி கேட்டு "டைடி!" என்று மட்டும் சொன்னால் 'ஒழுங்கு' உதவாது. அங்கே "பிரமாதம்!" என்றோ "அருமை!" என்றோ போட வேண்டும்.

இதன் மறைவான விலை அந்த அதட்டல்தான். 'ஒழுங்கா' என்று கடைசிக் ககரம் உதிர்ந்து பேச்சுவடிவில் வந்தாலே மிரட்டல் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிழவி தன் சிறு வீட்டை எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாள் என்று ஆசிரியர் கனிவாகச் சொல்லும் இடத்தில், 'ஒழுங்கான வீடு' வறண்டு நிற்கும்.

வினைச்சொல்லுக்கு ஒரு குறிப்பு. 'டைடி அப்' என்று வந்தால் உடனே 'ஒழுங்குபடுத்தினாள்' என்று எழுதிவிடுகிறார்கள். அலுவலகத்துக்கு அது சரி. வீடென்றால் ஒதுங்க வைத்தாள், எடுத்து வைத்தாள், அடுக்கி வைத்தாள் என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் இருக்கும்போது அவற்றை ஏன் விட வேண்டும்? "விருந்தாளி வருவதற்குள் கூடத்தை ஒதுங்க வைத்தாள்" என்று படித்தால் நாற்காலியிலிருந்து துணி எடுக்கும் கை கண்ணுக்குத் தெரிகிறது.

## நேர்த்தி

நான் மிகவும் நேசிக்கும் சொல் இது. அதனாலேயே இதை எச்சரிக்கையோடு கையாள்கிறேன்.

'டைடி'யின் குடும்பத்தை மறுபடி பாருங்கள். 'டைட்' என்றால் நேரம், 'பிடைட்' (betide) என்றால் நேர்தல், 'டைடி' என்றால் நேர்த்தி. மூன்றுக்கும் தமிழில் 'நேர்' என்ற ஒலியோடு மூன்று சொற்கள் தயாராக நிற்கின்றன. இரண்டு மொழிகளுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் முதன்முதலில் இது கண்ணில் பட்டபோது வெகுநேரம் பேனாவை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேர்த்தியில் பக்குவமாகச் செய்து முடித்த தன்மை இருக்கிறது. விதைப்பதற்கு முன் விதையைத் தயார் செய்வதை 'விதை நேர்த்தி' என்கிறோம். ஆகவே 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் உடை, தையல், கையெழுத்து, சிறு தோட்டம், அக்கறையாகப் பராமரிக்கும் குடிசை என்று வரும் இடங்களுக்கு இதுவே முதல் தேர்வு. மேலே சொன்ன கிழவியின் வீட்டுக்கு 'நேர்த்தியான சின்ன வீடு' என்று எழுதினால் அவள் கையும் அதில் தெரியும்.

விலை என்ன? நேர்த்தி கொஞ்சம் உயரத்தில் இருக்கும் சொல். பள்ளிக்கூடப் பையனின் பையைப் பற்றி அவன் அம்மா சொல்லும்போது 'நேர்த்தி' வந்தால் அவள் மேடையேறிவிட்டது போலிருக்கும். இன்னொன்று, தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் நேர்த்தி என்றால் முதலில் கோயில் வேண்டுதல்தான் மனதில் வரும். 'நேர்த்தி வைத்தாள்' என்று இலங்கை வாசகர் படித்தால் அவருக்குத் தெரிவது கோயில் வாசல். பெயரடையாக 'நேர்த்தியான' என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

## பதம், பருவம், பக்குவம்

1700க்கு முந்தைய நூல்களில் பயிருக்கும் விலங்குக்கும் வரும் 'டைடி'க்கு இந்த மூன்றையும் விட்டால் வேறு வழி இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அநேகமாக யாரும் தொடாத சொற்களும் இவைதான்.

தாமஸ் டஸ்ஸர் என்ற ஆங்கிலேய விவசாயி 1557இல் வேளாண்மைக் குறிப்புகள் நூறை எளிய செய்யுளாக எழுதினார். 1573இல் அதை ஐந்நூறாகப் பெருக்கினார். எந்த மாதத்தில் எதை உழுவது, எதை அறுப்பது என்று மாதவாரியாகப் போகும் நூல் அது. அறுவடை மாதத்துக்கு அவர் சொல்லும் அறிவுரை இது: வானம் வெளித்து, தானியம் 'டைடி'யாக இருந்தால், மழைக்கு அஞ்சி விரைவாக வண்டியில் ஏற்று.

இங்கே 'தானியம் ஒழுங்காக இருந்தால்' என்று எழுதினால் பொருளே இல்லை. 'சுத்தமாக இருந்தால்' என்றால் கல் பொறுக்கியதா என்று கேட்பார்கள். நம் ஊரில் அறுப்புக்கு முன் ஒரு நெல்லைக் கதிரிலிருந்து உருவி, முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கடுக்கென்று முறிந்தால் "பதம் வந்திருச்சு, நாளைக்கு ஆளைக் கூப்பிடு" என்பார்கள். டஸ்ஸர் சொல்வது இந்தப் பதத்தைத்தான். "தானியம் பதமாக இருந்தால்" என்று எழுதினால் 450 ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேய விவசாயியும் நம் விவசாயியும் ஒரே வரப்பில் நிற்பார்கள். 'பருவத்தே பயிர் செய்' என்று ஒரே வரியில் ஔவை சொன்ன மொழிக்கு இந்தப் பொருள் அந்நியமே அல்ல.

அடுத்து, ஷேக்ஸ்பியர். 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் டால் டேர்ஷீட் என்ற பெண், பருத்த கிழவன் ஃபால்ஸ்டாஃபைக் கொஞ்சலும் திட்டலுமாக 'டைடி' பார்த்தலோமியுப் பன்றி என்று அழைக்கிறாள். லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆகஸ்ட் 24, புனித பார்த்தலோமியு திருநாளை ஒட்டி ஒரு பெரிய சந்தை கூடும். 1133இல் தொடங்கி 1855 வரை நடந்தது. சுட்ட பன்றி அங்கே பேர்போனது. சந்தைக்கென்றே வளர்த்து, சரியான நாளில் சரியான கொழுப்போடு நிற்கும் பன்றிதான் அவள் சொல்லும் 'டைடி'ப் பன்றி. 'சுத்தமான பன்றி' என்று எழுதினால் கிண்டலாகிவிடும், அவள் கிண்டல் செய்வது அதை அல்ல. 'பதமாகக் கொழுத்த சந்தைப் பன்றியே' என்று நான் எழுதுவேன். பருவம், கொழுப்பு, செல்லம் மூன்றும் வந்துவிடுகின்றன.

பதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதற்குச் சொல் என்றும், பரத நாட்டியத்தில் பாடும் உருப்படி என்றும் வேறு பொருள்கள் இருக்கின்றன. இலக்கிய வாசகர் ஒரு நொடி தடுமாறக் கூடும். 'பதமாக', 'பதம் வந்த' என்று எழுதினால் தடுமாற்றம் இருக்காது. சமையலோடும் வயலோடும் தொடர்பு விட்டுப்போன வாசகருக்குப் 'பக்குவமாக' எளிது, ஆனால் அதில் அடுப்பு வாசனைதான் அடிக்கும், வயல் வராது.

## செம்மை, செப்பம்

மனிதர்களுக்குப் பழைய 'டைடி' வந்தால் இவற்றைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் ப்ளோமன்' காவியத்தின் ஒன்பதாம் பகுதியில், உழைக்க விரும்பும் உண்மையான 'டைடி' மனிதர்களைக் கடவுள் நேசிக்கிறார் என்று வருகிறது. அதற்குச் சில வரிகள் முன்னால்தான் காலத்தை வீணாக்குவதைப் போல் விண்ணில் உள்ளவர்கள் வெறுப்பது வேறில்லை என்கிறார். காலத்தை வீணாக்குபவன் ஒரு பக்கம், காலத்தோடு உழைப்பவன் மறுபக்கம். 'ஒழுங்கான ஆட்கள்' என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் போலாகிவிடும். 'செம்மையான உழைப்பாளிகள்' என்பது பக்கத்தில் வருகிறது. காலத்தின் வேர் அதில் வரவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால் முந்தைய வரிகளில் காலம் என்ற சொல்லை அழுத்தமாக வைத்து ஈடுகட்டப் பார்ப்பேன்.

## கணிசம், அப்புறம் அப்படியே எடுத்துக்கொள்வது

தொகைக்கு 'டைடி' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கு: கணிசமான தொகை, நல்ல தொகை. பாத்திரம் கிராமத்தான் என்றால் 'நல்ல துட்டு'.

ஒலிபெயர்த்து 'டைடி' என்றே விடலாமா? ஆகாது. தமிழ்ப் பேச்சில் அது ஊறவே இல்லை. ஊறிய சொல் 'நீட்'. "நீட்டா இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறோம், உரையாடலில் அதை எழுதலாம். ஆனால் 'நீட்' என்று அச்சில் வந்தால் இன்று மருத்துவ நுழைவுத் தேர்வுதான் கண்ணில் படுகிறது. தவிர அதன் பிறப்பு முற்றிலும் வேறு. லத்தீனில் பளபளப்பைக் குறிக்கும் 'நிதிதுஸ்' பிரெஞ்சு வழியாக வந்து 'நீட்' ஆனது. ஒன்று ஒளியில் பிறந்தது, மற்றது காலத்தில் பிறந்தது.

மேசை மேலும் கழுவுதொட்டியிலும் வைக்கும் சிறு பொருள்களுக்கும் பிரிட்டனில் 'டைடி' என்றே பெயர். பேனா வைப்பது 'டெஸ்க் டைடி', தொட்டி மூலையில் தேயிலைச் சக்கையையும் காய்த் தோலையும் வடித்து வைக்கும் முக்கோணத் தட்டு 'சிங்க் டைடி'. இவற்றை மொழிபெயர்க்கப் போராடாமல் பேனா டப்பா, வடிதட்டு என்று பொருளைச் சொல்லிவிடுங்கள்.

கைப்பிரதி பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டவணை:

| 'டைடி' எதோடு வருகிறது | முதல் தேர்வு | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|
| தானியம், கனி (பழைய நூல்) | பதமான, பருவத்துக்கு வந்த | ஒழுங்கான |
| விலங்கு (பழைய நூல்) | பதமாகக் கொழுத்த. பசுவுக்குக் கீழே பார்க்க | சுத்தமான |
| மனிதர் (பழைய நூல்) | செம்மையான | நேர்த்தியான |
| உடை, தையல், குடிசை | நேர்த்தியான | தூய்மையான |
| அறை, மேசை, தரவு | ஒழுங்கான | தூய்மையான |
| தெரு, பூங்கா | தூய்மையான | ஒழுங்கான |
| வேல்ஸ் பேச்சு | ஒழுங்கா, பிரமாதம் | நேர்த்தி |
| தொகை | கணிசமான | மற்ற எல்லாமே |

இனி அந்தப் பசு. ஸ்காட்லாந்துப் பேச்சில் மாட்டுக்கு 'டைடி' என்றால் சினையாக இருப்பது, அல்லது கறவையில் இருப்பது. மாட்டின் பருவம் அது. விலை பேசுகிறவன் தேடுவதும் அதைத்தான். கதையில் இரண்டு பக்கம் தள்ளி, பனிக்காலம் முடியும்போது அவர்கள் வீட்டில் ஒரு கன்று நிற்கிறது. அந்தப் பெண்ணிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பென்சில் கேள்விக்குறியை அழித்துவிட்டு, "நல்ல சினைப்பசு" என்று எழுதினாள்.